இடது பக்கக் கசிவு

ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்க ஆளுக்கா பஞ்சம்? ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சீனர் கடை இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டிலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, சிரித்த முகத்தோடு வேலையை முடித்துத் தருவார்கள். அப்படியிருந்தும் கமலநாதன் கடை வாசலில்தான் எந்நேரமும் வண்டிகள் நிற்கும். அங்கே நாற்காலியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

மனிதரின் வழக்கம் அப்படி. வண்டியில் என்ன கெட்டது என்று கண்டுபிடிப்பதோடு அவர் விடமாட்டார். ஏன் கெட்டது, யாரால் கெட்டது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்கமாட்டார். தெரிந்துவிட்டாலோ, சம்பந்தப்பட்டவரை எதிரில் நிற்கவைத்து, மனதாரத் திட்டி முடித்த பிறகுதான் வேலையே ஆரம்பமாகும். திட்டு வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டு போனதில்லை. அவர் கை பட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது என்று ஒரு வண்டி வந்துவிட்டால், அன்றைக்குக் கடையில் இருக்கிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. முன்சக்கரத்துக்கு மேலே பளபளவென்று இரண்டு கம்பிகள் தெரியுமே, வண்டி பள்ளத்தில் இறங்கும்போது அவை கீழே இருக்கிற குழாய்களுக்குள் இறங்கும், மேட்டில் ஏறும்போது வெளியே வரும். குழாய்களுக்குள் ஆயில் இருக்கும். அந்த ஆயில் வெளியே வராதபடி கம்பியைச் சுற்றி இறுகப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் வளையம். அதற்குத்தான் சீல் என்று பெயர். மற்ற கடைகளில் சீலை மாற்றி அனுப்பிவிடுவார்கள். கமலநாதனிடம் அது நடக்காது.

"சீல் என்ன, தானா சாகுமா? யாரோ கொன்னுருக்கான்," என்பார்.

பிறகு விசாரணை தொடங்கும். முன்சக்கரத்தைத் தூக்கி வீரம் காட்டுகிற இளவட்டம் என்றால், "தூக்குறது ஒங் கை, உழுறப்ப வாங்கிக்கிறது சீலு. அதுக்கு மட்டும் வாய் இருந்திச்சின்னா ஒன்ன கேக்கும் பாரு கேள்வி!" என்பார். வண்டி கழுவும் இடத்தில் வேகத் தண்ணீரைச் சீலுக்கு நேராகப் பீய்ச்சுகிறவர்களுக்கு ஒரு திட்டு. இஷ்டத்துக்கு ஆயில் ஊற்றி உள்ளே அழுத்தத்தை ஏற்றியவர்களுக்கு வேறொரு திட்டு. லாரி ஓட்டும் சுகுமாறன் வாங்கியதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. சுகுமாறன் ஓய்வு கிடைத்தால் போதும், மோட்டாரை எடுத்துக்கொண்டு பொந்தியானுக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார். கடற்காற்று பட்டுப் பட்டுக் கம்பி முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தது.

"இந்தா, நெகத்த வச்சி தடவிப் பாரு. தட்டுதா? ஒவ்வொரு புள்ளியும் பிளேடு மாரி. ஏறி எறங்குறப்பெல்லாம் ரப்பர கிழிக்குது. மீனுக்கு மட்டும் அத்தன ஐஸ் போடுற, மோட்டருக்கு ஒரு வாளி தண்ணி ஊத்த கை வரலயா?"

சுகுமாறன் அந்தத் திட்டை இன்றுவரை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரார் தப்பையெல்லாம் துருவித் துருவிக் கண்டுபிடிக்கிற கமலநாதன் வாயிலிருந்து "என் தப்பு" என்ற பேச்சை ஒருவரும் கேட்டது கிடையாது. தப்பே செய்யாத மகான் என்று நினைத்துவிட வேண்டாம். செய்தால் மென்று விழுங்கிவிடுவார், அவ்வளவுதான். அவர் மனைவி பிரேமலாவைக் கேட்டால் சொல்வாள். கல்யாணத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சு நழுவிவிட்டது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "கயிறு சரியில்ல," என்று அய்யரைப் பார்த்து முறைத்த மனுஷன் அவர்.

இவர்களுக்கு ஒரே மகள், ரூபினி. சிங்கப்பூரில் சிப் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஜொகூர்காரர்கள் பலரையும்போல அவளும் இருட்டோடு மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஜொகூர் பாரு வரை ஓட்டி, கஸ்தம் என்கிற சுங்கச் சாவடி வரிசையில் ஆயிரக்கணக்கான மோட்டார்களோடு ஊர்ந்து, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போவாள். அவள் வேலை செய்யும் அறைக்குள் ஒரு தூசி நுழையக் கூடாது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய உள்ளே போக வேண்டும். பவுடர், மை, பொட்டு எதற்கும் அனுமதியில்லை.

அதில்தான் வீட்டில் ஒரு சின்ன வருத்தம் வந்தது. ரூபினி பாலர் பள்ளிக்குப் போன நாளிலிருந்து பிரேமலா மகளின் நெற்றியில் திருநீறு பூசாமல் வாசல்படி தாண்ட விட்டதில்லை. சிங்கப்பூர் வேலை கிடைத்த பிறகும் பூசினாள். ரூபினி ஹெல்மெட்டுக்குள் அதை அழித்துக்கொண்டு போவாள். ஒரு நாள் முடியோரத்தில் ஒட்டியிருந்த பொட்டு வெள்ளையைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டாள். எல்லார் முன்னாலும் ஓரமாக நிற்கவைத்து, முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். அன்றைக்கு வீடு திரும்பிய ரூபினி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"இனிமே எனக்கு பூசாதீங்கம்மா. வேலை போயிரும்லா."

"சரிம்மா," என்றாள் பிரேமலா.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கமலநாதன் மறந்தே போனார். அவர் போர்வையை விலக்கி எழுந்திருப்பதற்குள் மகள் பாதித் தூரம் போயிருப்பாள். காலையில் வாசலில் யார் என்ன செய்கிறார்கள் என்று அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

சில மாதம் கழித்து ரூபினியின் மோட்டாரில் இடது பக்க ஃபோர்க் கசிய ஆரம்பித்தது. கமலநாதன் அலட்டிக்கொள்ளவில்லை. வயசான சீல் என்று இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினார். கொஞ்ச நாள் போனது. திரும்பவும் இடது பக்கம் கம்பியில் ஆயில் மினுமினுத்தது. சீல் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டு, "ரப்பரா விக்கிற, ரொட்டியா விக்கிற?" என்று கேட்டு நல்ல கம்பெனி சீலாக வாங்கிப் போட்டார். அதுவும் கசிந்தது. இப்போது திட்டு மகள்மேல் திரும்பியது.

"பாலத்துல இருக்கிற பள்ளத்துல எல்லாம் நீதான் உழுந்து எந்திரிக்கிறியா?"

"எல்லாரும் போற ரோட்லதான்ப்பா நானும் போறேன்."

அவர் விடவில்லை. கம்பியைக் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்த்தார். வளைவு இல்லை. நகத்தை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினார். ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளித் துரு இல்லை. ஆயில் அளவு சரி. உள்ளே கம்பியைத் தாங்கும் புஷ் வளையம் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. சீலுக்கு மேலே தூசி மூடியைத் திறந்தபோது சாம்பல் நிறத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தது. பாலத்துப் பக்கம் புது ரயில் பாதைக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. சிமெண்ட் தூசிதான் என்று முடிவு கட்டி, அந்த வேலையில் இருக்கிற இன்ஜினியர்கள் அத்தனை பேரையும் முகம் தெரியாமலேயே திட்டிவிட்டு இன்னொரு சீல் போட்டார்.

மனசுக்குள் மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ரோட்டுத் தூசி என்றால் இரண்டு பக்கமும்தானே போக வேண்டும்? அது ஏன் இடது பக்கத்தை மட்டும் தேடிப் போகிறது?

சுகுமாறனுக்கு இது போதாதா. "என்னாண்ணே, போமன் வீட்டு மோட்டரே ஒழுகுதாமே? யாரு கொன்னதுன்னு தெரிஞ்சிச்சா?" என்று தினமும் கடை வாசலில் நின்று கேட்டார். மோட்டார் பழுது பார்ப்பவரை அந்த ஊரில் போமன் என்றுதான் சொல்வார்கள். போமனுக்கு அந்த வார்த்தை அந்த நாட்களில் இனிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் ரூபினி வீட்டுக்குள் வந்து, ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அலமாக், இன்னிக்கி ஒரு கூத்துப்பா. கஸ்தம் பக்கத்துல முன் பிரேக் புடிச்சேன், புடிக்கவே இல்ல. வழுக்கிக்கிட்டே போயி முன்னாடி போன காடி பின்னால முட்டிட்டேன். நல்ல வேள, ஜாம்ல மெதுவாத்தான் போனேன். அந்த மலாய்க்கார அங்கிள் எறங்கி வந்து, 'அடேக் ஓகே?'ன்னு தங்கச்சிகிட்ட கேக்குற மாரி கேட்டுட்டுப் போயிட்டாரு."

மகள் காரில் முட்டினாள் என்று காதில் விழுந்ததும் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பிரேமலா ஈரக் கையோடு வந்து மகளின் தோளை, முழங்கையை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

கமலநாதன் வெளியே ஓடிப் போய்க் குனிந்து பார்த்தார். இடது பக்கம் கசிந்த ஆயில் குழாய் வழியாக இறங்கி, பிரேக் டிஸ்க்மேல் படிந்திருந்தது. ஆயில் பட்ட டிஸ்க்கை எந்தப் பிரேக்கும் பிடிக்காது. நெடுஞ்சாலையில் எழுபது எண்பதில் போகும்போது, பக்கத்தில் ஒரு லாரி ஓடும்போது இது நடந்திருந்தால்? அதற்குமேல் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஊரில் எவன் எவன் வண்டிக்கோ காரணம் கண்டுபிடித்தவர், பெற்ற பிள்ளையின் வண்டிக்குக் கண்டுபிடிக்காமல் மூன்று தடவை ரோட்டில் அனுப்பியிருக்கிறார். வெட்கமும் பயமும் சேர்ந்து அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நாளைக்கி என் பழைய மோட்டர எடுத்துக்கிட்டு போ. இத நான் பாக்காம நீ தொடக்கூடாது," என்றார். குரலில் வழக்கமான காரம் இல்லை என்பதை ரூபினி கவனித்தாள்.

அப்போதே வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு சந்துதான். இந்த முறை சீலைக் கழற்றவில்லை. எப்போதோ தோள்பட்டை சுளுக்கியபோது எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஒரு துண்டை நறுக்கி, நுனியில் கொக்கிபோல வெட்டி, சீலுக்கும் கம்பிக்கும் நடுவில் மெல்லச் செருகிச் சுற்றி இழுத்தார். சீலின் உதட்டில் மாட்டியிருந்த அழுக்கு படத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. விளக்கடியில் வைத்துப் பார்த்தார். சாம்பல் நிறம்தான், ஆனால் நடுநடுவே சிவப்பு இழையோடியது. சிமெண்டில் ஏது சிவப்பு? மூக்கருகே கொண்டுபோனார். ஆயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. நன்றாகத் தெரிந்த வாசனைதான். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பிடிபட்டது. சாமி விளக்கேற்றிவிட்டு வந்த பிரேமலா, குனிந்து ரசம் ஊற்றினாள். அவள் கையிலிருந்து அதே வாசனை வந்தது. கமலநாதன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் இருட்டோடு எழுந்து, கூடத்து ஜன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கிக்கொண்டு நின்றார். ரூபினி இன்னும் குளியலறையில் இருந்தாள். பிரேமலா சாமித் தட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவருடைய பழைய மோட்டார், மகளின் மோட்டார் நிற்கிற அதே இடத்தில், வலது பக்கம் செம்பருத்தித் தொட்டிகளை ஒட்டி நின்றது. பிரேமலா முழங்கால் வலியோடு மெதுவாக அதன் முன்னால் உட்கார்ந்தாள். விரலை நனைத்து, திருநீற்றைத் தொட்டு, இடது பக்கக் கம்பியில் மூன்று பட்டையாக அழகாக இழுத்தாள். நடுவில் குங்குமம் வைத்தாள். வலது பக்கக் கம்பிக்குக் கையை நீட்டிப் பார்த்தாள். தொட்டிகள் மறித்தன, எட்டவில்லை. சரி என்று விட்டுவிட்டு, வண்டியின் விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எம் புள்ளைய பத்தரமா கொண்டுபோயி, பத்தரமா கொண்டாந்து உட்டுரு, என்னா?" என்று மோட்டாரிடம் சொன்னாள். பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு டிரைவரிடம் சொல்கிற அதே குரல்.

நெற்றி வேண்டாம் என்று மகள் சொன்ன அன்றிலிருந்து அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். ரூபினி கிளம்பிப் போவாள். வண்டி நாலு பள்ளத்தில் ஏறி இறங்கினால் போதும், சீல் அந்தத் திருநீறு முழுவதையும் வழித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சாயங்காலம் வரும்போது கம்பி பளிச்சென்று இருக்கும். பார்ப்பவனுக்கு ஒரு தடயம் கிடைக்காது. பொடியாக இருந்தால்கூடப் பாதி உதிர்ந்திருக்கும், ஈரமாகக் குழைத்துப் பூசியதால் அத்தனையும் உள்ளே போய் அப்பிக்கொண்டு, ரப்பரை அரத்தைப் போல ராவிக்கொண்டே இருந்திருக்கிறது.

கமலநாதனுக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. பழைய மோட்டாருக்கு டிஸ்க் பிரேக் கிடையாது, இன்றைக்கு மகளுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. வார்த்தைகள் வரிசையாக வந்து நாக்கு நுனியில் நின்றன. கதவைத் திறந்தால் கொட்டிவிடலாம். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தவருக்கு, நேற்று பிரேமலா மகளின் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இவளிடம் போய், "பிரேக் போனது உன்னாலதான்" என்று சொன்னால் என்ன ஆகும்? இவள் அழுவாள். அழுதுவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு இந்தக் கை இன்னொரு முறை திருநீற்றுத் தட்டைத் தொடுமா? பெற்ற பிள்ளையை என் கையாலேயே கொல்லப் பார்த்தேனே என்று சாகும்வரை நினைத்து நினைத்தே உருகிவிடுவாளே. கையும் களவுமாகப் பிடித்த குற்றவாளியை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக விட்டுவிட்டார். மெதுவாகத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பத்து மணிக்குமேல் சுகுமாறன் கடைக்கு வந்தார். கையில் பையில் கட்டிய தே தாரிக் டீ, முகத்தில் அதே கிண்டல்.

"இன்னிக்காச்சும் சொல்லுங்கண்ணே. யாரு கொன்னது?"

கமலநாதன் தலை நிமிரவில்லை. "நான்தான்," என்றார்.

"என்னாது?"

"நான்தான்னு சொல்றேன்ல. சீல் போடுறப்ப கம்பிய சரியா தொடைக்கல. கையில இருந்த மண்ணு உள்ள போயிருச்சி. என் தப்பு."

சுகுமாறன் வாய்க்குக் கொண்டுபோன தே தாரிக் அப்படியே நின்றது. கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பிரேமலா, எப்போதும்போல அவருக்குப் பசியாறத் தோசை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். அவளும் கேட்டாள். தோசையை மேசைமேல் வைத்தாள். அங்கே எக்ஸ்ரே படத்துண்டு, நுனியில் காய்ந்துபோன சாம்பலும் சிவப்புமாகக் கிடந்தது. கமலநாதன் அவசரமாக அதை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிரேமலா அந்தப் பையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அவர் வேலை செய்துகொண்டே ஒரு பேச்சை ஒத்திகை பார்த்தார். சாயங்காலம் புது சீல் போட்டு, டிஸ்க்கைக் கழுவி, பிரேக் கட்டையையும் மாற்றி, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினார். பிரேமலா படியில் உட்கார்ந்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பிரேமா, நான் என்னா நெனைக்கிறேன்னா... சாமிக்கு எது செஞ்சாலும் மொகத்துக்குத்தான செய்யணும்? மோட்டருக்கு மொகம்னா அது லைட்டுதான். கம்பி வந்து... அது காலு மாரி..."

"போதுங்க," என்றாள் பிரேமலா.

அவர் நிறுத்தினார்.

"காலையிலயே தெரிஞ்சிக்கிட்டேன். தாலி முடிச்சு அவுந்ததுக்கு கயித்த கொற சொன்ன ஆளு நீங்க. இன்னிக்கி கடையில அத்தன பேருக்கு முன்னால என் தப்புன்னு சொன்னீங்க. நீங்க அப்படி சொன்னா, அது யாரு தப்புன்னு எனக்கு தெரியாதா?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் உடைந்துவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். "எங் கையாலயே... பத்தரமா போவணும்னு வேண்டிக்கிட்டு எங் கையாலயே..." என்று விம்மினாள்.

கமலநாதன் பக்கத்தில் உட்கார்ந்தார். கை முழுக்க கிரீஸ். அதோடேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்லிப் பழகாத வாய், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறியது.

"அழாத. சீலுக்கு என்னா தெரியும்? அதுக்கு திருநீறும் ஒன்னுதான், மண்ணும் ஒன்னுதான். இங்க பாரு, பிரேக் புடிக்கல. சரி. ஆனா எங்க புடிக்கல? ஜாம்ல, மெதுவா போறப்ப. முட்டுனது ஒரு நல்ல மனுசன் காடியில. நீ வேண்டிக்கிட்டதுனாலதான் அது அங்க நடந்திச்சோ என்னமோ."

கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன் இப்படிப் பேசியதும், அழுகைக்கு நடுவிலும் பிரேமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்களுக்கு பொய் சொல்லவே வரலங்க," என்றாள். மோட்டாரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப நான் என்னாதான் செய்யட்டும்? நெத்தியும் வேணாங்குறா. இதுலயும் பூசக்கூடாது. ஒன்னுமே செய்யாம, வெறுங்கையோட பாத்துக்கிட்டு நின்னு எப்படிங்க அனுப்புறது?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒத்திகை இல்லை. ஆனால் பதில் இருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் தொண்டை கிழியக் கத்துகிற பதில்தான்.

"தொடச்சி உடு," என்றார். "காலையில சுத்தமான துணியில கம்பி ரெண்டையும் தொடச்சி உடு. சீலுக்கு அத உட பெரிய காவல் இல்ல. எல்லார்கிட்டயும் சொல்றேன், ஒருத்தன் செய்யமாட்டான். நீ செய்யி."

சொன்னவர் எழுந்து போய், செம்பருத்தித் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேலியோரம் நகர்த்தி வைத்தார். இனி அவளுக்கு இரண்டு பக்கமும் எட்டும்.

மறுநாள் காலையில் பிரேமலா தன் பழைய நூல் சேலையில் மெத்தென்று ஒரு துண்டு கிழித்துக்கொண்டாள். சாமி கும்பிட்டுவிட்டு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இடது கம்பியைத் துடைத்தாள். சுற்றி வந்து வலது கம்பியைத் துடைத்தாள். துடைக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. மோட்டாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டோடு வந்த ரூபினி வாசல்படியில் நின்றுவிட்டாள்.

"என்னாம்மா பண்றீங்க?"

பிரேமலா மறைக்கவில்லை. பூசியது, கசிந்தது, பிரேக் போனது எல்லாவற்றையும் மகளிடம் அவளே சொன்னாள். ரூபினி கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு தூசி விழுந்தால் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து பிரேமலா தலையைக் குனிந்துகொண்டாள். ரூபினி கோபப்படவில்லை. "போயிட்டு வரேம்மா," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த மோட்டார் கசியவில்லை. கடையில் மட்டும் கதை ஓயவில்லை. போமனே கை கழுவாமல் சீல் போட்டாராம் என்று சுகுமாறன் தூரத்துப் பாலோ ஊர் வரைக்கும் பரப்பிவிட்டார். திட்டு வாங்குகிற ஆட்கள் இப்போதெல்லாம் நடுவில், "அண்ணே, மக மோட்டர் சீலு என்னாச்சுண்ணே?" என்று எடுத்துவிடுகிறார்கள். கமலநாதன் முறைப்பார். "ஆமா, நான்தான் தொடைக்கல. இப்ப என்னாங்குற?" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுப்பார். ஒரு தடவைகூட அந்தப் பழியை அவர் இறக்கி வைத்ததில்லை.

ரூபினிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். அம்மா கம்பியைத் துடைக்க ஆரம்பித்த அந்த வாரம் ஞாயிறன்று, எப்போதும் உச்சிப் பொழுதுவரை தூங்குகிறவள் காலையிலேயே எழுந்து குளித்தாள். ஈரத் தலையோடு போய், சாமி படத்துக்கு முன்னால் நின்றிருந்த அம்மாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கமலநாதன் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாம்மா?" என்றாள் பிரேமலா.

ரூபினி முடியை இரண்டு கையாலும் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நெற்றியை நீட்டினாள்.

"வாரம் முழுக்கத்துக்கும் சேத்து பூசுங்க," என்றாள்.

பிரேமலா மூன்று விரலால் திருநீற்றை அள்ளினாள். அள்ளிய அவசரத்தில் பாதி மகளின் மூக்கில் கொட்டியது. ரூபினி தும்மினாள். பிரேமலா விடவில்லை, நெற்றி முழுக்க அப்பினாள்.